அரசர் குளிக்கிறார்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே கக்கிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பிடிபிடி என்று பிடிக்கக் கூடாது. வேலைக்காக வெளியூர் போன மாமா, அதாவது என் அக்காவின் புருஷன், போன மாதம் எனக்கு ஃபோன் செய்தார். "மாப்ளே, நான் இனிமே அங்க வர்றதா இல்ல. இங்கயே வேற மாதிரி அமைஞ்சு போச்சு. அக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு" என்றார். நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்குச் சொல்ல வராது. எழுத வரும். (அதுவும் வருமா என்பதில் வீட்டிலேயே கருத்து வேறுபாடு உண்டு.) ஆகவே ஒரு ராஜ்யத்தை உண்டாக்கி, அரசனை வெளியே அனுப்பி, அவன் திரும்பாததால் தலைநகர் சிதைவதை எழுதி, அக்காவிடம் படிக்கக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். படித்தால் அவளுக்கே புரிந்துவிடும். இதைவிடக் கோழைத்தனமான காரணத்துக்காக எவனாவது ராஜ்யம் கட்டியிருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

2

முதல் தொடக்கம்: "வடக்கே பனிமலை, தெற்கே கருங்கடல், நடுவே அரசரின் சொந்த நிலமான கோநாடு. அதன் தலைநகரைச் சுற்றி ஓடும் ஆறு..."

ஆற்றைப் படத்தில் வரைந்து பார்த்தேன். கடலிலிருந்து கிளம்பி மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அரசர் வேட்டைக்குப் போன மறுநாளே அரண்மனைச் சுவரில் விரிசல்..." மறுநாளேவா? கட்டின கொத்தனார் யார் என்று கேட்பார்கள். இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது நின்றது: "யார் வந்து கேட்டாலும், அரசர் குளிக்கிறார் என்றே அரசி சொல்லியனுப்பினாள்."

இது திருட்டு. மாடிவீட்டுக்காரர் மாமாவைக் கேட்டு வரும்போதெல்லாம், தையல் மிஷினை நிறுத்தாமலே அக்கா சொல்கிற பதில்.

[அடிக்குறிப்பு மாதிரி: அவரும் "சரி, மெதுவா குளிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நம்பிவிட்டுப் போகிறாரா, தெரியாது. இவளாவது தான் சொல்வதை நம்புகிறாளா, அதுவும் தெரியாது. எனக்கு எதுவுமே தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.]

3

அக்கா முன்னறையில் பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். வாயில் இரண்டு குண்டூசி.

"ஊருக்குப் பேரே இல்லையேடா?"

"இன்னும் வைக்கலக்கா."

"பேரை அப்புறம் வை. முதல்ல குடிக்கத் தண்ணி வை. ஆத்தையும் அடிச்சிட்ட, ஒரு கிணறு கூடக் காணோம்."

வெட்டினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"ராஜா போனதும் கடைத்தெரு வெறிச்சோடிப் போச்சுன்னு எழுதியிருக்க. ஏன்?"

"அரசர் இல்லையே."

"அதுக்கு? அவரா பையத் தூக்கிட்டு வந்து காய் வாங்கினாரு? ஊருக்குப் பசிக்காதா?"

"ஒரு சோகத்துல..."

"சோகத்துலதான்டா ரெண்டு வாய் கூடத் திம்பாங்க."

துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து, என் வரைபடத்தில் நான் மூடிவைத்த தெருக்களையெல்லாம் திறந்துவிட்டாள். அடுத்த வரைவில் கொள்ளைநோயை இறக்கினேன். வைத்தியசாலை கட்டச் சொன்னாள். மதிலை இடித்தேன். "நல்லதாப் போச்சு, காத்து வரும்" என்றாள். நான் இடிக்க இடிக்க அவள் கட்டினாள். அரசன் இல்லாத தலைநகர் அரசன் இருந்ததைவிட ஜோராக ஆகிவிட்டது. வீழ்ச்சியை எழுத உட்கார்ந்தவனுக்கு இது தேவையா? யார் யாருக்குச் சேதி சொல்கிறார்கள் என்றே குழம்பிவிட்டது.

4

என்னைப் படுத்துகிற பாத்திரம் அரசனும் இல்லை, அரசியும் இல்லை. தூதன். அரசன் திரும்பமாட்டான் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் அரசியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், மழை வருமா என்று பேசுகிறான். ஏன் வாயைத் திறக்கவில்லை?

அரசியின் மேல் பாசம். (அடித்துவிட்டேன்.)

அரசனிடம் விசுவாசம். (பச்சைப் பொய்.)

சொன்னால் அவள் அழுவாள், அப்போது எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியாது. (இதை அடிக்கக் கை வரவில்லை.)

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய துணிக்கடை ஒன்றில், துணி வெட்டுகிற பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். "அவர் வரட்டும், கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருக்கிறாள். நான் கோபுரங்களை வர்ணித்துக்கொண்டிருக்கிறேன். சீ.

5

முடிவு அ: அரசன் திரும்பி வருகிறான். இது யாரை ஏமாற்ற?

முடிவு ஆ: அரசி தலைநகரைக் கொளுத்துகிறாள். அக்கா தீக்குச்சியைக்கூட எண்ணிக் கிழிப்பவள், ஒத்துக்கொள்ளமாட்டாள்.

முடிவு இ: எதுவும் தெரியாமலே அரசி காத்திருந்து கிழவியாகி... முடிக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

மூன்றையும், தூதன் வருகிற பக்கங்களோடு, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். மிஷினை நிறுத்தினாள்.

"ராஜா வரமாட்டான், இல்ல?"

"கதையிலயா?"

"கதையிலதான்டா."

அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"வரமாட்டான்" என்றேன்.

ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டை கிடந்தது. அதை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"போறவன் போகட்டும், விடு. இந்தத் தூதன் எவ்வளவு நாளாத் தெரிஞ்சு வச்சிருந்தான்?"

"ஒரு மாசம்... இருக்கும்."

"கூடவே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு."

"ஆமாக்கா."

"அவனை அரசி என்ன செய்யறா? அதை மட்டும் எழுதாம விட்டிருக்க. போய் எழுதிட்டு வா. நான் ஒரு ஃபோன் பண்ணணும்."

6

"அரசி தூதனை மன்னித்..."

இல்லை. அவ்வளவு சுலபமாகவா?

"அரசி தூதனை நாடு கட..."

எங்கே போவேன்? போவான்.

பக்கத்து அறையில் அக்கா கடைக்காரரிடம் பேசுகிறாள்: "வர்றேங்க. இல்லல்ல, யாரையும் கேக்க வேண்டியதில்ல." குரல் ஓரிடத்தில் உடைந்து, சமாளித்துக்கொண்டு மேலே போகிறது.

வாசகரே, ராஜ்யத்தையும் தலைநகரையும் உங்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் முடித்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் ஃபோனை வைத்துவிட்டாள், இங்கேதான் வருகிறாள்.