மீன்பாடி வண்டியில் போன மூச்சு

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். எண்ணூரிலிருந்து மீன் கூடையோடு ரயிலேறி மீஞ்சூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் கூடையோடு சேர்த்து ஆளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டு மூக்கைத் திறந்திருக்கலாம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு என் புருஷன் பாஸ்கரும் அவருடைய அண்ணன் மணியும் கரைக்கு வந்தார்கள். மூன்று பேருமாக மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து மீனைக் கழற்றினோம். வலையில் ஒரு கடல் பாம்பும் சிக்கியிருந்தது. வாரத்துக்கு ஒன்றாவது சிக்கும். வாலைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் வீசிவிட்டு வேலையைப் பார்ப்போம். அது கடிக்காது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாஸ்கரும் அப்படித்தான் வீசினார். கொஞ்ச நேரம் கழித்துக் கணுக்காலைத் தடவிக்கொண்டார்.

"இன்னாவோ குத்திச்சு மே."

"கெளுத்தி முள்ளா இருக்கும். ரவ டீசல் தடவு. வலிக்குதா?"

"வலியே இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு சொல்லிகினு கீற? மீனக் கழட்டு."

கெளுத்தி குத்தினால் ஆம்பளை துள்ளிக் குதித்து அழுவான். வலியே இல்லை என்றவுடன் என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாயங்கால மார்க்கெட்டில் நண்டு நல்ல விலைக்குப் போகும் நாள், என் புத்தி அதில் இருந்தது.

பத்து மணிக்கு நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவர் வந்தார். வாசற்படி தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண் இமை இரண்டும் பாதி தொங்கிக் கிடந்தன. ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு மாதம்! கங்கையம்மன் கோவிலில் கற்பூரத்தை அணைத்து, இனிமேல் சாராயத்தைத் தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு மாதமும் நான் அக்கம்பக்கத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

"த்தூ! சோமாறி! எவன் கூட ஊத்திகினு வந்த? காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? அம்மன் கண்ணக் குத்தாதா உன்ன?"

அவர் கையை ஆட்டினார். இல்லை என்கிற மாதிரி. குடிகாரன் எவன் ஆமாம் என்று சொல்லியிருக்கிறான்? குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தேன். வாசலிலேயே சரிந்து படுத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் விடவில்லை. அவர் அப்பனிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் திட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் கண்ணும் மூடிக்கொண்டது.

முன்பெல்லாம் அவர் வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக வாயை மோந்து பார்ப்பேன். பதினோரு மாதத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. பதினொன்றரைக்குச் சோற்றை வடித்துவிட்டு, என்ன இருந்தாலும் மனுஷன் பட்டினி கிடக்கிறானே என்று எழுப்பக் குனிந்தபோதுதான் மோந்து பார்த்தேன். உப்பு வாடை, பீடி வாடை. சாராய வாடை துளிகூட இல்லை. கைலி நனைந்திருந்தது. கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம். தாடையைத் திறக்கப் பார்த்தேன், பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருந்தது.

"ஐயோ! மணி மாமா! ஓடியா!"

நான் போட்ட கூச்சலில் மணி ஓடி வந்தார். இரண்டு பேருமாக ஆட்டோவில் போட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே நர்ஸ் சாண்ட்ரா இருந்தது. ராயபுரத்துப் பெண். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கணுக்காலைத் துடைத்துப் பார்த்தது. கடுகு அளவில் இரண்டு புள்ளி.

"கடல்ல பாம்பு ஏதாவது பாத்தீங்களா?"

மணி என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன். "ஒன்னு வந்துச்சு. தூக்கிப் போட்டான். அது கடிக்காதேம்மா" என்றார் மணி.

"யாருண்ணா சொன்னது கடிக்காதுன்னு? கடிச்சா வலிக்காது, அவ்ளோதான்!"

அந்தப் பெண் போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு மிஷின் வைத்தால்தான் பிழைப்பார், இங்கே அது கிடையாது என்றது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போதே பாஸ்கரின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுபோனது. சாண்ட்ரா கூடவே தாவி ஏறியது. முகத்தில் ஒரு மூடியை வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதோடு ஒட்டியிருந்த ரப்பர் பையை என் கையில் கொடுத்தது.

"அக்கா, நான் மூடியப் புடிச்சுக்கறேன். நீங்க பைய அமுக்குங்க. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு எண்ணிட்டு ஒரு அமுக்கு. உங்க கைதான் இப்ப அவருக்கு மூச்சு. நிறுத்தக்கூடாது."

நான் அமுக்கினேன். அவர் நெஞ்சு எழும்பியது. விட்டேன், இறங்கியது. கொண்டவனின் மூச்சு என் உள்ளங்கையில் இருந்தது, போதுமா.

திருவொற்றியூர் தாண்டுகிற வரைக்கும் வண்டி பறந்தது. அப்புறம் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி இரண்டு வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம். இடது பக்கம் கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். வலது பக்கம் சாலையை இரண்டாகப் பிரிக்கிற இடுப்பு உயரச் சிமெண்டுச் சுவர். பின்னால் பார்ப்பதற்குள் அங்கேயும் நாலு லாரி வந்து அடைத்துக்கொண்டது.

"டோல்கேட் பக்கம் போனா இன்னும் பேஜாருன்னுதாம்மா இப்படி வந்தேன்" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். சைரனை அடித்தார், அடித்தார். யார் காதில் விழுந்து என்ன ஆகப் போகிறது?

மணி இறங்கி ஓடி முன்னால் நின்ற லாரியின் கதவைத் தட்டினார். அந்த டிரைவர் சேலத்துப் பக்கத்து ஆள், கையெடுத்துக் கும்பிட்டார். "எங்கண்ணா நகத்தறது? முன்னாடி ஒரு சாண், பின்னாடி ஒரு சாண். நேத்துக் காலையில இருந்து இங்கதான் சோறு தின்னுட்டு நிக்கிறேன்." இடைவெளி விட்டால் வேறொருத்தன் மூக்கை நுழைத்துவிடுவான் என்று ஒவ்வொருத்தனும் முன் வண்டியின் முதுகில் ஒட்டி நிற்கிறான். அதுதான் அவர்கள் பிழைப்பு. அவர்களைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அமுக்கு.

இருபது நிமிடம். முப்பது நிமிடம். என் கட்டை விரல் மரத்துவிட்டது. பாஸ்கரின் கையைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன், கண்மணி அப்படியே நட்ட நடுவில் நின்றது. மணி வண்டிக்குள் ஏறித் தம்பியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"செல்லம்மா, முடிஞ்சிபோச்சு மே. எவ்ளோ நேரம்தான் காத்த ஊதுவ? ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸு, கேஸு, போஸ்ட்மார்ட்டம். கிழிச்சு மூட்டையாக் கட்டிக் குடுப்பான். அந்தாண்ட ரோடு காலியா கீது பாரு. சுவத்துக்கு அந்தாண்ட தூக்கி ஒரு வண்டியில வச்சா பத்து நிமிஷத்துல வூடு. முழுசா எடுத்துகினு போயி மரியாதையா அடக்கம் பண்ணிடலாம்."

எதிர்ப்பக்கத்துச் சாலையைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்புகிற பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. பிழைக்கப் போகிற பக்கம் மட்டும்தான் அடைத்துக்கிடந்தது. இந்த ஊரை எவன் கட்டினானோ, அவன் நாசமாய்ப் போக.

நான் சொன்னேன். யாரும் என் வாயில் திணிக்கவில்லை, நானேதான் சொன்னேன்.

"சரி மாமா. போயிட்டாரு. வூட்டுக்கே தூக்கிடலாம்."

கை நின்றது.

"அக்கா!" சாண்ட்ரா கத்திய கத்தலில் மணி பின்னால் சாய்ந்தார். மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் விரலை இழுத்துப் பாஸ்கரின் கழுத்தில் வைத்து அழுத்தியது. "பாருங்க! இங்க பாருங்க! அடிக்குதா இல்லையா?"

அடித்தது. சன்னமாக, விடாமல் அடித்தது. ஐயோ, அடித்தது! நான் பையைப் பிடித்து அமுக்கினேன். அழுதுகொண்டே அமுக்கினேன். எத்தனை மூச்சு விட்டுப்போனது என்று எனக்குத் தெரியாது. மூன்றா, நான்கா. இன்றைக்கு வரைக்கும் படுத்தால் அதைத்தான் எண்ணிப் பார்க்கிறேன்.

அப்போதுதான் இடது பக்கம், கருங்கல்லுக்கும் லாரிக்கும் நடுவே இருந்த மண்ணில், படபடவென்று ஒரு மீன்பாடி வண்டி வந்தது. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பலகை, பின்னால் பழைய பைக் இன்ஜின். காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றிப் போகிற வண்டி. நான் அமுக்கிக்கொண்டே கதவு வழியாகக் கத்தினேன். மீஞ்சூர் மார்க்கெட்டில் இருபது வருஷம் கத்திய தொண்டை வேறு எதற்கு இருக்கிறது?

"யோவ் அண்ணாத்தே! நில்லுய்யா! ஆளு சாவுதுய்யா!"

ஓட்டிவந்தவர் பெயர் ஸ்டானிஸ்லாஸ். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை. உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐஸ் பெட்டிகளைத் தூக்கிக் கருங்கல் மேல் கடாசினார். சேலத்து டிரைவரும் இன்னும் நாலு லாரிக்காரர்களும் இறங்கி வந்தார்கள். அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்க, நானும் சாண்ட்ராவும் மூடியையும் பையையும் விடாமல் கூடவே நகர்ந்தோம். மீன் செதில் ஒட்டிய பலகையில் அவரைக் கிடத்தினோம். தலைமாட்டில் சாண்ட்ரா, பக்கத்தில் முட்டி போட்டு நான். மணி பின்னாலேயே ஓடி வந்தார், பாவம்.

"கெட்டியாப் புடிச்சிக்கோ மே. மாதா பாத்துக்குவா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

ஒரு ஜாண் பிசகினால் கருங்கல்லில் விழுவோம். அவர் விழவிடவில்லை. லாரி லாரியாகக் கடந்தோம். லாரியை நான் எண்ணவில்லை, நான் எண்ணியது ஒன்று இரண்டு மூன்று நான்கு. இருபத்தைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல். மீன்பாடி வண்டி உள்ளே வரக்கூடாது என்று காவலாளி கை நீட்டினான். வழி நெடுக நான் வாய் திறந்து திட்டியது அவன் ஒருத்தனைத்தான். வழி விட்டான்.

மிஷின் வைத்தார்கள். என் கையிலிருந்து பையை வாங்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். விரல் விரியவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "விஷம் இறங்க நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் மிஷின்தான் மூச்சு விடும். பக்கத்துல உக்காந்து பேசுங்கம்மா. அவர் மயக்கத்துல இல்ல. இந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும். காலையில இருந்து அவருக்கு எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கு."

எல்லாம் என்றால்?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் ஒரு மணி நேரம் திட்டியது. தண்ணீர் ஊற்றியது. அதெல்லாம்கூடப் போகட்டும். "போயிட்டாரு, வூட்டுக்கே தூக்கிடலாம்." நெஞ்சு எழும்பாமல், கண் திறக்க முடியாமல், கையை ஆட்ட முடியாமல், அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் படுத்திருந்தான்.

ஆறு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசச் சொன்னார்கள். ஊர் வாயை அடைக்கிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தொண்டையில் விட்டிருந்த மிஷின் குழாயை எடுத்ததும் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று அதையே மென்றுகொண்டிருந்தேன். தெரியாமல் சொன்னேன்யா என்பேனா? கை மரத்துப்போச்சு என்பேனா? காலில் விழுந்துவிடலாம் என்றுதான் முடிவு பண்ணியிருந்தேன்.

ஏழாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். இருமினார். கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"நான் குடிக்கல மே" என்றார்.