கோட்டுக்காரரின் இரண்டாவது தாள்

தையல்காரி எடை மெஷின் மேல் ஏறுகிறாளே, அது ஒரு தனிக் கூத்து. வளையலைக் கழற்றுவாள், சங்கிலியைக் கழற்றுவாள், கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைப்பாள். "அதுல என்ன கனம் இருக்கப்போகுது?" என்று புருஷன் சிரித்தால், "இருக்கற கனம் போதாதா? அதையும் ஏன் என் தலையில கட்டணும்?" என்பாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எண் தெரியாது. அவர்தான் குனிந்து படித்துச் சொல்வார். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிய கட்டத்தாளில் ஒரு புள்ளி வைத்து, முந்தின நாள் புள்ளியோடு கோடு இழுத்துச் சேர்ப்பார்.

வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைவது அவர் தொழில். தெருவில் அவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். ஆயுசில் ஒருநாள் கோட்டுப் போட்டதில்லை, போடுவதெல்லாம் கோடுதான்.

அவள் ஆசைக்கு இளைக்கவில்லை. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு கிடக்கிறான். அக்காவுடையது பொருந்துகிறது என்று சொன்ன டாக்டரம்மா, கூடவே ஒரு குண்டையும் போட்டாள்: "எண்பத்தாறு கிலோவோட உங்களை டேபிள்ல ஏத்தமாட்டேன். நாலு மாசத்துக்குள்ள எழுபத்தஞ்சுக்குக் கீழ வாங்க."

முதல் தாள் இரண்டு மாதம் ஓடியது. அதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். வேறு எதனாலும் நிறைய வழியில்லையே, பாவம்! கோடு மாடிப்படி மாதிரி திடுதிடுவென்று இறங்கியது. எழுபத்தொன்பதை நெருங்கியபோது தாளின் அடி வந்துவிட்டது. அதை அவள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். அவர் புதுத் தாள் ஒட்டினார்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். புதுத் தாளில் கோடு இறங்காமல் படுத்துவிட்டது. அவர் வாய் எழுபத்தெட்டு என்றும் எழுபத்தேழரை என்றும் சொல்லத்தான் செய்தது. ஆனால் காதில் விழுந்த எண்ணை யார் நினைவில் வைக்கிறார்கள்? நாள் பூராவும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். அது அசையவே இல்லை. நடந்த நடையெல்லாம் வீண், கிடந்த பட்டினியெல்லாம் வீண் என்று தோன்றியது.

முதலில் மெஷின் மேல் சந்தேகம் வந்தது. பிரிக்காத பத்து கிலோ மாவு மூட்டையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். பத்து காட்டியது. கழுதை, சரியாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று தம்பிக்குப் போன் போட்டாள். "என் உடம்பு இறங்க மாட்டேங்குதுடா. வேற யாராவது கிடைப்பாங்களான்னு பாக்கலாமா?"

"சரிக்கா," என்றான். அவ்வளவுதான். அவள் போனை வைத்துவிட்டு, வெட்டிப்போட்ட துணிக் குவியலில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

முகத்தைக் கழுவப் போனவள் காதில், துணி காயப்போடும் இடத்தில் நின்று புருஷன் தன் அக்காவோடு போனில் பேசுவது விழுந்தது. "ஸ்கேலை மாத்திட்டேன்கா. நீ கவலைப்படாதே." அவளைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று வேறு எங்கோ தாவியது.

ஸ்கேலை மாற்றினாரா? ஸ்கேல் என்றால் அவளுக்குத் தெரிந்தது துணியில் கோடு கிழிக்கிற மரச்சட்டம்தான். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவருடைய எஃகு ஸ்கேலையும் தன் மரச்சட்டத்தையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. பைத்தியக்காரி மாதிரி இதென்ன வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டு, பழைய ரவிக்கை ஒன்றை எடுத்துப் போட்டாள். தொளதொளவென்று தொங்கியது. சென்ற மாதம்தான் பிடித்துத் தைத்த ரவிக்கை! மறுபடி இருபுறமும் அரை அங்குலம் பிடிக்கவேண்டும்.

கோடு படுத்துக்கிடக்கிறது, ரவிக்கை தொளதொளக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். பழைய தாளைப் பிரித்துப் புதுத் தாளின் பக்கத்தில் வைத்து அளந்தாள். பழையதில் ஒரு கிலோவுக்கு இரண்டு சென்டிமீட்டர். புதியதில் இரண்டே மில்லிமீட்டர். இடது ஓரத்துப் பொடி எண்களை அப்போதுதான் ஊன்றிப் பார்த்தாள். பழைய தாள் எழுபத்தெட்டில் தொடங்கியது. புதியது பூஜ்யத்தில் தொடங்கி நூறு வரை போனது. அவர் மாற்றிய ஸ்கேல் மரச்சட்டமில்லை, இந்த அளவு.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு தாளையும் முன்னால் நீட்டினாள். "பூஜ்யத்துல யாருங்க இருக்கா? பூஜ்யம் கிலோவுக்கு இறங்க நான் என்ன ஆவியா?"

"ஒரு புள்ளி கூட நான் தப்பா வைக்கலையே," என்றார்.

"தப்பா வெச்சிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேனே! புள்ளியைச் சரியா வெச்சுட்டுத்தானே என்னை ஏமாத்தியிருக்கீங்க."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "பயம். உன்னைப் படுக்கப்போட்டுக் கிழிப்பாங்கன்னு நினைச்சாலே கைகால் ஓடலை. போகாதேன்னு சொன்னா உன் தம்பி முகத்துல எப்படி முழிக்கறது? நீயா அலுத்து விட்டுட்டா யார் மேலயும் பழி இல்லைன்னு..."

அவளுக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சேர்ந்து உட்கார்ந்து அழுதிருப்போமே. எனக்கு மட்டும் பயமில்லையா? நேத்து அவன்கிட்ட முடியாதுன்னு சொன்னேன். 'சரிக்கா'ன்னான். அந்தச் சரி உங்க தாள்ல எத்தனை மில்லிமீட்டருங்க?"

அவர் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டாள். "நேத்து சொன்னதை மறந்துடுடா. இன்னும் ரெண்டு கிலோதான். அக்கா வர்றேன்."

மறுநாள் காலை வளையலைக் கழற்றினாள், சங்கிலியைக் கழற்றினாள், மெஷின் மேல் ஏறினாள்.

"கண்ணாடியைக் கழட்ட மறந்துட்டியே. கனம் சேருமே," என்றார்.

"சேரட்டும். அதையும் சேர்த்துக் குறைச்சுக்கறேன்."

அவர் பழக்கத்தில் குனிந்து, "எழுபத்தேழு புள்ளி ஒண்ணு," என்றார். அவளும் எட்டிப் பார்த்தாள். எழுபத்தேழு புள்ளி ஒன்றேதான். இத்தனை நாளும் அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

அதற்கு மறுநாளும் அவள் கண்ணாடியோடுதான் ஏறினாள்.