செட்டு சொல்லாத சம்பந்தம்

கண்ணாயிரத்துக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டே அடி அண்ணாமலை கிராமத்தில் ராஜா மாதிரி காலம் தள்ளிவிட்டார். வாடகைக்கு விடுவது மைக் செட்டு. கிணற்றில் ஓடுவது பம்பு செட்டு. காலையில் தின்பது செட்டு தோசை, தின்ன உதவுவது பல் செட்டு. தயிர் உறையாவிட்டால் 'செட் ஆகல'. பக்கத்து வீட்டு மருமகன் கோபித்துக்கொண்டு போனாலும் அதே 'செட் ஆகல'. எவனோடாவது சண்டை வந்தால், "விடுப்பா, செட் பண்ணிடலாம்."

அன்று காலை மகள் மணிமொழி அவரை மடக்கினாள். அவள் விரும்பிய இளஞ்செழியனும் அவன் அம்மாவும் கல்யாணம் பேச வருகிறார்கள்.

"அப்பா, அவங்க கிளம்பற வரைக்கும் அந்த வார்த்தை உன் வாயில வரக்கூடாது. அவரு இங்கிலீஷ் வாத்தியாரு. நான் போன்ல பேசும்போது பின்னாடி உன் குரல் கேட்டுதாம். ஒரு நிமிஷத்துல ஒன்பது வாட்டின்னு எண்ணி வெச்சிருக்காரு. எனக்கு மானமே போச்சு."

"அதுக்குப் பதிலா மூச்சு விடாதேன்னு சொல்லிப் பாரேன். அந்த மனுஷனுக்கு அது சுலபம்" என்றாள் அவர் மனைவி தனம், கேசரியைக் கிண்டிக்கொண்டே.

கண்ணாயிரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மகள் தலையில் கை வைத்துச் சத்தியமே செய்துவிட்டார்.

இளஞ்செழியனின் அம்மா ஆதிலட்சுமி கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி நடத்துகிறவர். மூட்டையைத் தட்டிப் பார்த்தே விலை சொல்லும் அம்மாள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி:

"அண்ணே, என்ன தொழில் பண்றீங்க?"

"மைக்..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார். "அதாவது, கல்யாணம் காதுகுத்துன்னா, சத்தம் குடுக்கறது."

"சத்தமா?"

"ஜாஸ்தியா குடுப்போம்."

"நிலத்துக்குத் தண்ணி வசதி எப்படி?"

"கிணறு இருக்குது. தண்ணி... அதுவா மேல வரும்."

இளஞ்செழியன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினான். சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் மணிமொழி தலையில் அடித்துக்கொண்டாள். இனி வாயைத் திறந்தால் ஆபத்து, பேசாமல் இருப்பதே உத்தமம் என்று கண்ணாயிரம் முடிவு கட்டினார்.

ஆதிலட்சுமி விஷயத்துக்கு வந்தார். "மண்டபம் எங்க ஊர்ல. செலவு பொண்ணு வீட்டோடது. அதானே வழக்கம்?"

'செட் பண்ணிடலாம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாயிரம் உதட்டை இறுக்கிக்கொண்டு ஃபேனைப் பார்த்தார்.

இங்கேதான் வம்பு. மண்டியில் ஒருவர் விலை சொன்ன பிறகு எதிராளி வாயை மூடி உத்திரத்தைப் பார்த்தால் 'கட்டுப்படியாகாது, வேற சொல்லு' என்று பொருள். ஆதிலட்சுமி அதைப் பார்த்தே வளர்ந்தவர்.

"சரிண்ணே, பாதி பாதி."

பாதியா! சந்தோஷத்தைச் சொல்லவும் அவரிடம் இருந்தது அந்த ஒரே வார்த்தைதான். மறுபடி ஃபேன்.

"மண்டபம் முழுக்க எங்களோடது. சாப்பாடு மட்டும் நீங்க."

கண்ணாயிரம் பல்லைக் கடித்த வேகத்தில் மேல்வரிசை நழுவியது. அதைச் சரிசெய்ய முகத்தைக் கோணியதில், பார்ப்பவர்களுக்கு மனிதர் சாணியை மிதித்தவர் போலத் தெரிந்தார்.

"சாப்பாடும் நாங்களே. உங்க ஊர்லயே வெச்சிக்கலாம்!" ஆதிலட்சுமிக்கு மூச்சு வாங்கியது. கண்ணாயிரத்தின் பார்வை மறுபடி ஃபேனுக்கே போனது. அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "இதுக்கு மேல இறங்கி வர எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே. பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். இளஞ்செழியா, வா போலாம்."

பையன் முகம் செத்துப்போயிற்று. அவன் செருப்பைத் தேடும்போது மணிமொழி திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா! சத்தியம் வாபஸ்! வாயைத் திறந்து பேசு!"

மடை உடைந்தது.

"தங்கச்சி, உக்காருங்க! எனக்கு எப்பவோ செட்டு! நீங்க வாசப்படி ஏறும்போதே மனசுல செட் ஆயிட்டீங்க! இவங்க ரெண்டு பேரும் அப்படி ஒரு செட்டு! மைக் செட்டு, சீரியல் செட்டு எல்லாம் நம்மளுது, மண்டபத்தைப் பத்தி இன்னா, செட் பண்ணிடலாம்! இந்தப் பொண்ணுதான் என் வாயைக் கட்டிப்போட்டுச்சு!"

மணிமொழி சத்தியக் கதையைச் சொல்லி முடித்தபோது ஆதிலட்சுமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்போ இவ்ளோ நேரம் நான் யார்கிட்ட பேரம் பேசினேன்?"

"உங்ககிட்டயேதாம்மா" என்றான் இளஞ்செழியன். "நல்லா விலை குறைச்சீங்க."

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாயிரத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"மண்டபம் பாதி பாதிதான் தங்கச்சி. வாயை மூடி சம்பாதிச்சது உடம்புல ஒட்டாது."

"நடக்காது. மண்டிக்காரி சொன்ன சொல்லை மாத்த மாட்டா."

"அப்ப சாப்பாடு என்னோடது."

"பாயசம் வேணா போட்டுக்குங்க."

"பாயசம் மட்டுமா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"சரி, வடையும்."

கண்ணாயிரம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆதிலட்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தண்ணீர் குடிக்கும் சாக்கில் இளஞ்செழியன் எழுந்து மணிமொழியோடு சமையல்கட்டுக்குள் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பேரம் அப்போதுதான் அப்பளத்துக்கு வந்திருந்தது.