மேல்வரிசைத் தக்காளி

நல்ல தக்காளியை மேலே அடுக்கி, நசுங்கியதை அடியில் தள்ளுவதில் காய்கறிக்கடைக்காரருக்கு ஈடு அவர் மனைவி மட்டும்தான். அந்தக் கைப்பழக்கத்தை அன்று காலை புருஷன் உடம்பிலும் காட்டிவிட்டாள்.

அவருக்குக் குடலில் கட்டி. இரண்டு தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போயும், ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவைக்குக் கட்டி தவணை தராது. "காலையில பிரஷர் மாத்திரை போடக்கூடாது" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவளோ ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள்.

"டாக்டர் கேட்டா?"

"தொடவே இல்லன்னு சொல்லுங்க. வாடின கீரைய இப்பப் பறிச்சதுன்னு சொல்ற வாய்தானே?"

அவரும் அப்படியே சொன்னார். கருவி நூற்று முப்பது காட்டியது. "இன்னிக்கு சமத்தா இருக்கே" என்றாள் நர்ஸ். தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கால்மணி நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார்.

"நரம்புல ஊசி போட்டதும் பிரஷர் பாதாளத்துக்குப் போயிடுச்சு. ஏத்துற மருந்துக்கும் ஏற மாட்டேங்குது. காலையில மாத்திரை குடுத்தீங்களாம்மா?"

"இல்லீங்களே."

"உள்ளதைச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் மருந்தை மாத்தணும்."

முதல் வாயில் சரியான விலையைச் சொல்லிப் பழகாதவள் அவள். "ஒரு... அரை மாத்திரை" என்றாள்.

"அரைக்கு இவ்வளவு இறங்காதே. அப்ப ஊசிதான் ஒத்துக்கலையோ" என்று தனக்குள் சொல்லியபடியே டாக்டர் உள்ளே ஓடினார்.

பக்கத்தில் நின்ற கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்தான். "எத்தனை, அண்ணி?"

"ரெண்டுப்பா."

"அதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? கதவைத் தட்டுங்க."

தட்டினாள். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே யாரோ அவர் நெஞ்சை அமுக்கியபடி மூச்சிரைக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள்: இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மறுபடி ஒன்றிலிருந்து. உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். எண்ணிக்கை தொடர்ந்தது. பிறகு நின்றுபோனது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"ரெண்டும்மா. முழுசா ரெண்டு. டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள் நர்ஸ்.

ஓடவில்லை. நடந்துதான் போனாள்.