அரை இன்ச் ரிங் ஸ்பேனர்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டை நீட்டிவிடுவேன். அந்த ஹம்சத்வனி திங்கட்கிழமை காலையில் வந்தாள், மத்தியானத்துக்குள் நூறு தடவை சொல்லிவிட்டாள். "செழியன், இது என்ன? செழியன், இதை எந்தப் பக்கம் சுத்தணும்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருவிடைமருதூர் மெயின் ரோட்டில் எங்கள் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. பெயர்ப்பலகையிலேயே இளஞ்செழியன் என்று போட்டிருப்பதால் இங்கே எழுதுகிறேன், தப்பில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோவது என் வேலை. அன்றைக்குப் போனால், முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒரு வெள்ளை அம்பாசிடர். அதன் அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு இவருடையவை. மற்ற இரண்டிலும் சிவப்பு நகப்பாலீஷ்.

திருப்பனந்தாள் சந்தானகிருஷ்ணன் வாத்தியாரின் மகளாம். பெங்களூரில் பெரிய வேலையாம். வாத்தியாருக்கு வருகிற வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் சதாபிஷேகம். எண்பது வயது மனிதர், போனால் என் காரில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறார். கார் ஆறு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் நின்று பிரேக்கெல்லாம் இறுகிக் கிடக்கிறது. சரி, வண்டியை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டாளாம். அப்பா காரை அவளே கையால் கழற்றிப் பார்க்க வேண்டுமாம்.

இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். "இது பழைய வண்டிங்க, எல்லாம் இன்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டா லூசா நிக்கும், நட்டோட முனை வழிஞ்சிடும். இதுக்கு அரை இன்ச் ரிங்தான் சரி." சொல்லிவிட்டு, துணியால் துடைத்து, அந்த ஸ்பேனரை அவள் கையில் வைத்தார்.

அதைப் பார்த்ததும் சாப்பாட்டுக் கேரியரை அங்கேயே போட்டு உடைக்கலாமா என்று இருந்தது.

ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த ஷெட்டிலுள்ள அத்தனை ஸ்பேனரையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து அடுக்குகிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட எது பன்னிரண்டு, எது பதிமூன்று, எது அரை இன்ச் என்று சொல்வேன். அன்றைக்குத் தவிர வேறு எந்த நாளும் எனக்கு அதைத் தொட அனுமதி கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆசையாக எடுத்தேன். "வை ஈஸ்வரி, கை அழுக்காயிடும்" என்றார். என் கைமேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று ஒரு வாரம் பூரித்துப்போய்த் திரிந்தேன், மடச்சி. அந்த மகராசிக்கு மட்டும் கை அழுக்காகாதாமா?

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் குழாயடியில் கை கழுவப் போனார்கள். என்னவோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அரை இன்ச் ரிங் பெஞ்சுமேல் கிடந்தது. எடுத்துச் சாப்பாட்டுக் கூடையில், கேரியருக்கு அடியில் போட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இன்ச் வண்டிகள் இப்போது வருவதே இல்லை, அதனால் ஷெட்டில் அந்த அளவு அது ஒன்றுதான். ஒரு நாள் தேடட்டும், அவளுக்கு அலுத்துப்போய் ஊரைப் பார்க்கக் கிளம்பட்டும் என்பதுதான் என் கணக்கு. ஸ்பேனர் அன்றிரவு எங்கள் அரிசி டின்னுக்குள் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அதைக் கூடைக்குள் சோற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். திருப்பி வைப்பதா, திரும்பக் கொண்டுவருவதா என்று நானே முடிவு பண்ணவில்லை.

ஷெட்டில் ஹம்சத்வனி தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல்முட்டி நான்கும் உரிந்து ரத்தம். பிரேக் சாமான் வாங்க இவர் கும்பகோணம் போன நேரத்தில், பின்சக்கர பிரேக் தட்டின் நான்கு நட்டையும் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார். அரை இன்ச் கிடைக்கவில்லை என்று அவள் பதிமூன்றைப் போட்டு முழு பலத்தோடு இழுத்திருக்கிறாள். ஸ்பேனர் வழுக்கி, கை தட்டில் மோதியிருக்கிறது. முதல் நட்டே வழித்த மாதிரி உருண்டையாகிவிட்டது. இவர் அப்போதுதான் திரும்பி வந்து அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். என் சாம்பாரில் உப்பு கூடினால் தெருவுக்கே கேட்கும். இவரோ, "பரவால்லங்க, உங்க மேல தப்பில்ல. நான்தான் அரை இன்ச்ச எங்கயோ தொலச்சுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, கழிவு எண்ணெய் டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். அங்கே எப்படிக் கிடைக்கும்? அது என் கூடையில் இருக்கிறது.

அவள் போன் அடித்தது. கையில் ரத்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். "ஹம்சா, கார் வந்துடுமோல்லியோ?" என்று கிழவர் குரல். "அன்னிக்கு முன் சீட் எனக்குத்தான், சொல்லிட்டேன்."

"வந்துடும்ப்பா" என்று வைத்துவிட்டு அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "நான்தான் கெடுத்தேன் செழியன். அவசரப்பட்டேன்."

ஆளாளுக்கு என் தப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டால் நான் எங்கே போவது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கூடையில் கையை விட்டு ஸ்பேனரை எடுத்துப் பெஞ்சில் டம்மென்று வைத்தேன்.

"யாரும் தொலைக்கல. நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

இவர் எண்ணெய் சொட்டும் கையோடு என்னையே பார்த்தார். "ஏன் ஈஸ்வரி?"

"ஏனா? பதினோரு வருஷமா கழுவிப் பொட்டு வைக்கிறவ நான். நேத்து வந்தவ கையில தூக்கிக் குடுக்குறீங்க. வயிறு எரியாதா?"

"அவங்க கேட்டாங்க, ஈஸ்வரி" என்றார் மெதுவாக. "நீ ஒரு நாளும் கேட்டதில்லையே."

"ஆசையா எடுத்தேனே. கை அழுக்காயிடும்னு வைக்கச் சொல்லிட்டீங்க."

இவருக்கு அது ஞாபகமே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வாரம் நான் பூரித்துக் கிடந்த வார்த்தை, சொன்னவருக்கு நினைவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. இவளோடு சிரித்தது கூட அவ்வளவு வலிக்கவில்லை. இவள் கையில் அந்த ஸ்பேனர் இருந்ததுதான் என்னை எரித்திருக்கிறது.

இனி அரை இன்ச்சும் அந்த நட்டைப் பிடிக்காது. பக்கத்திலேயே பிரேக் ஆயில், தீ காட்டவும் முடியாது. வண்டியைத் தாங்குகிற வில்பட்டைக்கும் பிரேக் தட்டுக்கும் நடுவில் இவருடைய பெரிய கையை விட்டு அரத்தை ஆட்டவும் இடமில்லை. "இது மட்டும் வந்துட்டா நாளைக்கு வண்டி ஓடிடும்" என்று தலையில் கை வைத்தார்.

"என் கை போகும்" என்றேன். யாரும் பதில் சொல்வதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரை இன்ச்சையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன்.

சின்ன அரத்தால் நட்டின் ஆறு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். ராவிய நட்டு இளைத்திருந்தது. "பன்னெண்டு ரிங்" என்று கையை நீட்டினேன். ஹம்சத்வனி எடுத்துக் கொடுத்தாள், சரியாகத்தான் கொடுத்தாள். சுத்தியால் தட்டி இறுக்கமாக உட்கார வைத்தேன்.

"உடனே கழட்டாத. முதல்ல கொஞ்சம்..."

"இறுக்கணும். தெரியும். பதினோரு வருஷமா சோறு வச்சுட்டுச் சும்மாவா நின்னேன்?"

ஒரு இம்மி இறுக்கினேன். பிறகு மார்புப் பக்கமாக இழுத்தேன். அசையவில்லை. மறுபடி இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். துரு என் முகத்தில் கொட்டியது, நட்டு நகர்ந்துவிட்டது. ஆயுசில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

நட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினேன். ஹம்சத்வனி காயக் கையோடு கைதட்டினாள். இவர் குனிந்து, என் விரல்களைப் பார்த்து, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார்.

"போதும், வெளில வா ஈஸ்வரி. கையெல்லாம் அழுக்கா..."

"ஆகட்டும், செழியன்" என்றேன்.

"அடுத்தது நான் ட்ரை பண்ணட்டுமா?" என்று ஹம்சத்வனி ஆசையாகக் கேட்டாள். அரை இன்ச் ரிங்கை எடுத்து அவளுக்கு எட்டாத பக்கமாக வைத்துக்கொண்டேன். இன்னும் மூன்று நட்டு இருந்தது.