லூஷியஸின் நாலு சுற்று

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஆகஸ்ட் வெயில் எல்லாரையும் அரைத்தூக்கத்தில் நடக்க வைத்திருந்தது. சர்ச்சின் கீழறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஆர்லீன் ஒரு ஜாஸ் குழுவைப் பற்றித் தான் எடுத்த ஆவணப்படத்தை ஓடவிட்டாள். பார்க்க வந்தவள் ஒருத்திதான், லூஷியஸின் மனைவி ஒரீடா.

லூஷியஸ் அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். கச்சேரிக்குப் போகும் வழியில் போலீஸ் அவர் காரை மறித்தது. கையிலிருந்த டிரம்ஸ் குச்சியைத் துப்பாக்கி என்று சொல்லிச் சுட்டார்கள். வழக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் கூட்டாளி தாடியஸ் சாக்ஸபோனில் நாலு தாளச் சுற்று வாசிப்பார். அடுத்த நாலு சுற்றுக்கு வாத்தியத்தை இறக்கிவிட்டுச் சும்மா நிற்பார். மொத்தக் குழுவும் நிற்கும். அது லூஷியஸின் டிரம்ஸ் பதில் சொல்லும் இடம். அதில் யாரும் கைவைப்பதில்லை.

ஆர்லீன் கைவைத்துவிட்டாள். "சத்தம் வரலன்னா ஜனங்க டிவி ரிப்பேர்னு நினைப்பாங்கம்மா. அத வெட்டிடுங்க, நாடு முழுக்கக் காட்டுறோம்" என்றிருந்தார் டெலிவிஷன்கார வெள்ளைக்காரர். நாடு முழுக்க! கறுப்பினப் பெண் ஒருத்தி கடன் வாங்கி எடுத்த படத்துக்கு அந்த வாசல் எப்போது திறந்தது? ஒட்டு தெரியாமல் வெட்டினாள்.

திரையில் நீலப் புகை மிதந்தது. தாடியஸின் கன்னம் உப்பி உப்பித் தணிந்தது. ஒரீடா கண்ணை மூடி முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று விரல் தடுமாறியது.

"அடியே, அவரு எங்க?"

"போட்டோ பின்னாடி வருதுக்கா."

"போட்டோ எங்க வீட்டுலயே நிறையக் கெடக்கு. அவரு வாசிக்கிற எடம் எங்கடி? போலீஸ்காரன் ஒருதடவ தூக்குனான், நீ இன்னொரு தடவயா?"

ஆர்லீனுக்குத் தலை நிமிரவில்லை. வெட்டிப்போட்ட துண்டுகளைத் தேடியெடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினாள். பிறகு அந்த டெலிவிஷன்காரருக்குப் போன் செய்தாள்.

"அந்த வெத்து எடத்துல அப்படி என்னம்மா இருக்கு?"

"லூஷியஸ் இருக்காரு."

"அவர்தான் செத்துட்டாரே."

"அது போலீஸ் முடிவு பண்ணுனது. குழு இன்னும் அவர அனுப்பல சார்."

அவர் போனை வைத்துவிட்டார். நாடு முழுக்க என்பது அத்தோடு போயிற்று. ஆர்லீன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஒரீடாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தை மறுபடி ஓட்டினாள்.

தாடியஸ் வாத்தியத்தை இறக்கினார். மொத்தக் குழுவும் நின்றது. அந்த நாலு சுற்றுக்கும் ஒரீடா முழங்காலில் தாளம் தட்டி மெல்லத் தலையாட்டினாள். பிறகு சிரித்தாள்.

"எப்பப் பாரு தாளத்துல அவசரம் இந்த மனுஷனுக்கு."