ஆயில் மாற்ற வேண்டாத கார்

எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் யாரையும் சும்மா போய்ப் பார்க்க மாட்டோம். கல்யாணமாகிப் போன மகள் வாசலில் வந்து நின்றால்கூட அப்பா, "என்னம்மா, என்ன விஷயம்?" என்றுதான் கேட்பார். சும்மா வந்தேன் என்று சொன்னால் மனிதர் பதறிவிடுவார், மாப்பிள்ளையோடு என்ன சண்டையோ என்று. அதனால் எங்கே போனாலும் கையில் ஒரு காரியத்தோடு போகப் பழகிக்கொண்டோம்.

எனக்கும் அண்ணனுக்கும் இருந்த காரியம், கார் ஆயில் மாற்றுவது.

அண்ணன் மெக்கானிக். கீழே ஒர்க் ஷாப், மேலே வீடு. அண்ணி காலமான பிறகு மேலே தூங்க மட்டும் போவான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் யாரும் இல்லாத நாளில் எங்கள் பழைய பெட்ரோல் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவோம். என் வீட்டுக்காரர் மூலையில் கிடக்கும் கழற்றிப்போட்ட கார் சீட்டில் சாய்ந்து தூங்கிவிடுவார். அண்ணன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஹேர்பின், பிஸ்கட் தூள், காணாமல் போன ஒற்றைச் செருப்பு என்று எடுத்து வரிசையாக மேஜைமேல் வைப்பான். "இது காரா, குப்பைத் தொட்டியா?" என்பான். பிறகு அடியில் திருகைக் கழற்றித் தட்டை வைப்பான். ஆயில் கறுப்பாக, சாவகாசமாக வடியும். அது வடிகிற நேரம்தான் எங்கள் பேச்சு நேரம்.

சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அங்கேதான் சொல்லிக்கொண்டோம். நான் உண்டாகியிருப்பதை அம்மாவுக்கு முன்னால் அவனிடம்தான் சொன்னேன். அண்ணிக்கு இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் கைவிரித்ததை அவன் சொன்னதும் அங்கேதான். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னான். தலையை வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது. நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் என் வீட்டுக்காரர் மின்சாரக் கார் வாங்கினார்.

அவர் நல்ல மனிதர். எந்தப் பொருள் வாங்கினாலும் அதோடு வரும் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகூட மச்சானை ஓய்வெடுக்க விடுவதில்லையே என்று அவருக்கு உள்ளூர உறுத்தல் வேறு. புது வண்டியைக் காட்டப் போன அன்றைக்கு, அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தார்.

"மச்சான், இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல. ஆயில் கிடையாது, பில்டர் கிடையாது, பெல்ட் கிடையாது. நாங்க இந்தப் பக்கம் வர வேண்டிய வேலையே இல்ல!"

அண்ணன் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "நல்லதாப் போச்சு," என்றான்.

திரும்பி வரும்போது காருக்குள் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்துவிட்டேன். "உங்களுக்கு வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கவே தெரியாதா?" என்றேன். "நல்லதுதானேம்மா சொன்னேன்?" என்றார் பாவம். அவர் வளர்ந்த வீட்டில் யார் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் போவார்கள். எங்கள் வியாதி அவருக்கு எங்கே புரியும்!

அடுத்த வாரமே அண்ணன் ஒர்க் ஷாப் கேட்டில் ஒரு போர்டு மாட்டினான். 'மின்சாரக் கார் பார்க்கப்படாது.' ஊரிலுள்ள மின்சாரக் கார் எல்லாம் இவன் வாசலில் வரிசைகட்டி நிற்கிறதாக்கும்! அது எனக்கு மாட்டிய போர்டு. போன் செய்தால், "வண்டி எப்படி ஓடுது?" என்பான். "நல்லா ஓடுது," என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. கொஞ்ச நாளில் அந்தப் போனும் நின்றது.

சனியன் பிடித்த கார் கெடவும் இல்லை. சத்தம் இல்லை, புகை இல்லை, சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. இரவில் ஒயரைச் செருகினால் காலையில் கிளம்பிவிடும். பழைய காரில் நடுரோட்டில் நின்று தள்ளிய நாட்களை நினைத்து ஏங்கியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டு வருஷம் இப்படியே போனது. அண்ணன் இளைத்துவிட்டான் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒரு நாள் பின்சக்கரம் 'கிரீச்' என்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். என் வீட்டுக்காரர் உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். போனை எடுத்த பெண் அங்கே இருந்தபடியே கம்ப்யூட்டரில் வண்டியைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். "எந்தக் கோளாறும் காட்டலை சார்." சக்கரம் கத்துகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது, இவளுக்கு ஒன்றும் காட்டவில்லையாம். நேரில் கொண்டுபோனோம். கண்ணாடிக் கட்டடம், சோபா, யாரும் தொடாத பத்திரிகைகள். பளிச்சென்ற சட்டை போட்ட சர்வீஸ்காரர் டேப்லெட்டோடு வந்தார்.

"பின் பிரேக் துருப்பிடிச்சு இறுகிடுச்சு மேடம். இந்தக் கார்ல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைச்சிடுது. பிரேக்குக்கு வேலையே வர்றதில்ல. சும்மா இருந்து இருந்து துருப்பிடிச்சிடும். புதுசாவே மாத்திடலாம். ஆனா பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆகும்."

"வெளியில பார்க்கலாமா?" என்றேன்.

"பிரேக், டயர், வைப்பர் இதெல்லாம் வேலை தெரிஞ்ச யார்கிட்ட வேணா பார்க்கலாம். பேட்டரி, மோட்டார், ஆரஞ்சு கலர் ஒயர், இது மூணுல மட்டும் வெளியாள் கை வைக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து."

"வாரண்டி போயிடாதா?" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"பிரேக்கைப் பார்த்ததுக்காக அதெல்லாம் போகாது சார்."

"ஏறுங்க வண்டியில," என்றேன் நான். மெதுவாகவே உருட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் சக்கரம் கத்தியது. எனக்கு அது மேளம் மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கேட் திறந்திருந்தது. அண்ணன் உள்ளே ஒரு டப்பாமேல் உட்கார்ந்து, சுத்தமாகவே இருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். இளைத்துத்தான் இருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாகத் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன் போலத் திரும்ப உட்கார்ந்தான்.

"கேட்ல எழுதியிருக்கிறதைப் படிக்கலையா?"

"படிச்சேன். பிரேக் சரியில்ல. பிரேக்குக்கு என்ன பெட்ரோலு, கரண்டு?"

"கம்பெனிக்குப் போ. ஏசி ரூம்ல உட்கார வச்சு காப்பி கொடுப்பாங்க."

"குடிச்சிட்டுத்தான் வர்றேன். வாயில வைக்க முடியல."

"தெரியாத வண்டியில நான் கை வைக்கிறதில்ல," என்று ஸ்பேனரைப் பார்த்துச் சொன்னான்.

இன்றைக்கு இவன் திருப்பி அனுப்பினால் அவ்வளவுதான். இனி கல்யாணத்திலும் சாவிலும் மட்டும் முகம் பார்க்கிற அண்ணன் தங்கையாகிவிடுவோம். அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சரி, விடு. இந்தப் பிரேக்கோடயே ஓட்டிட்டுப் போறேன். வழியில எங்கயாவது மோதிச் செத்தா சொல்லி அனுப்பறேன், அதுக்காவது வா!"

"வாயைக் கழுவு!" என்று எழுந்துவிட்டான்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உள்ளே டார்ச் அடித்தான். "அடிப்பாவி, இவ்வளவு துரு ஏறுற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்த?" அடுத்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். "மாப்பிள்ளை, இதை எங்க வச்சுத் தூக்கறது? அடி முழுக்க பேட்டரியாவுல்ல இருக்கு?"

என் வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் போனை எடுத்தார். ஜாக்கி வைக்கிற இடத்தைப் படித்துச் சொன்னார். ஆரஞ்சு ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்றும் காட்டினார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சக்கரத்தைக் கழற்றினான். இறுகிக் கிடந்த பிரேக்கைப் பிரித்துத் தேய்த்தான், கழுவினான், ரப்பர் வளையம் மாற்றினான், திரும்பப் பூட்டினான். வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்வான் என்று நினைத்தேன்.

"ஏறு உள்ள," என்றான்.

பிரேக்கைப் பிரித்தால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை அழுத்த வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். அண்ணன் தொழில் பழகிய நாளிலிருந்தே பெடல் மிதிப்பது நான்தான். அப்போது எனக்குக் கால் எட்டாது. சீட் நுனியில் தொங்கிக்கொண்டு மிதிப்பேன். அந்த ஞாபகத்திலேயே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"அழுத்து."

அழுத்தினேன். அவ்வளவுதான், வண்டி முழித்துக்கொண்டது. எதிரே திரை பளீரென்று எரிந்தது, ஏதோ பாட்டு வாசித்தது, ஏசி புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. சாவி என் கைப்பைக்குள் இருந்தது. இந்தக் காருக்குச் சாவி உள்ளே இருந்து பிரேக்கில் கால் பட்டாலே போதும், கிளம்பலாம் என்று அர்த்தம்.

அண்ணன் கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "கழுதை! எருமை! என் கையை எடுக்கப் பார்த்தியாடி? சாவியோடயா ஏறுவ?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் காதில் விழுந்த கழுதை. சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவனும் தரையில் உட்கார்ந்தபடி சிரித்தான். என் வீட்டுக்காரர் வண்டியை அணைத்து, என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு, வெடிகுண்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி கேட்டுக்கு வெளியே ஓடினார். திரும்பி வந்து, புத்தகத்தைப் பார்த்து, வண்டி தானாக முழிக்காமலிருக்கச் செய்ய வேண்டியதைச் செய்தார். பிரேக் ஆயில் டப்பாவை அவர் கையில் கொடுத்து, குறையக் குறைய ஊற்றச் சொன்னான் அண்ணன்.

"அழுத்து."

அழுத்தினேன். கால் பஞ்சில் பட்டதுபோல அமுங்கியது.

"விடு. அழுத்து. ஏன்டி, வேலை இல்லைன்னா வரக்கூடாதா?"

"நீ வந்தியா?"

"விடு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்து."

"போர்டு மாட்டிட்டு உட்கார்ந்திருந்தா எப்படி வர்றது? உன்னைப் பார்க்கணும் போல இருக்குன்னு போன்ல சொல்ல எனக்கு வாய் வரல அண்ணே. எத்தனை தடவை எடுத்து எடுத்து வச்சேன் தெரியுமா?"

கீழேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"எனக்கும் வரல," என்றான். "விடு. அழுத்து."

நான் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். முட்டி வலிக்கு மருந்து போடுகிறானா என்று கேட்டேன். அவன் என் மகள் படிப்பைக் கேட்டான். மேலே தனியாக இருப்பது பழகவே மாட்டேன் என்கிறது என்றான். இடையிடையே அழுத்து, விடு. பெடல் எப்போதோ கல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. காற்று முழுக்கப் போய்விட்டது என்று என் காலுக்குத் தெரிந்தது. திருகில் அவன் மாட்டியிருந்த சின்னக் குழாயிலும் குமிழி வருவது நின்றிருக்கும், அது அவன் கண்ணுக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மச்சான், காத்து எல்லாம் போயிடுச்சு போலிருக்கே? ஆயில் தீரப்போகுது."

"தீர்ந்தா உள்ள இன்னொரு டப்பா இருக்கு, எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை," என்றான் அண்ணன். "நீ அழுத்து."